செங்குத்து வெட்டு இசைத்தட்டுகளின் உலோக மாஸ்டரிலிருந்து ஒலி எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

எடிசன் நிறுவனத்தின் டைமண்ட் டிஸ்க், பாத்தே நிறுவனத்தின் பழைய தட்டுகள், ஓகே (OKeh) நிறுவனத்தின் 1918–19 காலத்துத் தட்டுகள் ஆகியவற்றில் ஒலி பக்கவாட்டில் வெட்டப்படவில்லை. ஊசி மேடு பள்ளமான சாலையில் போவதுபோல் ஏறி இறங்கும். இதுதான் செங்குத்து வெட்டு. இவற்றை அச்சிட உதவிய உலோகத் தகடு ஒன்று உங்களிடம் வந்தால், அதிலிருந்து ஒலியை எடுக்கும் வரிசையை இங்கே எழுதியிருக்கிறேன்.

நல்ல டர்ன்டேபிள் (தட்டைச் சுற்றும் கருவி) வைத்திருப்பவர்கள் கூட இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் திறமைக் குறை காரணமல்ல, வரிசை மாறியதுதான் காரணம். சாதாரணத் தட்டில் ஊசியை வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம். உலோகத்தில் அப்படிச் செய்ய முடியாது. தகட்டின் செம்பு மென்மையானது, ஊசியின் வைர முனை அதைக் கீறிவிடும். பல பதிவுகளுக்கு அந்த ஒரு தகடுதான் மிச்சம்.

## 1. இது மேடா, பள்ளமா?

மெழுகில் பதிந்த மூலத்தின் மேல் உலோகம் படியவைத்து உரித்தால் வருவது மாஸ்டர். மெழுகில் பள்ளமாக இருந்தது இதில் மேடாக நிற்கும். மாஸ்டரிலிருந்து எடுப்பது மதர். அதில் மறுபடியும் பள்ளம் வரும். மதரிலிருந்து எடுக்கும் ஸ்டாம்பரில் மீண்டும் மேடு. ஆக, மாஸ்டரும் ஸ்டாம்பரும் நெகட்டிவ், மதர் பாசிட்டிவ்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி மேட்ரிக்ஸ் எண்தான், அதாவது பதிவை அடையாளம் காட்டத் தகட்டில் இட்ட எண். நடுப்பகுதியில் உள்ள எண் நேராக வாசிக்க வந்து, குழிந்தும் இருந்தால் மதர். கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி, புடைத்து நின்றால் நெகட்டிவ்.

எண் தேய்ந்திருந்தால் பூதக்கண்ணாடியை எடுக்க வேண்டும். இங்கே கண் ஏமாற்றும். விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மறந்துவிட்டால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும். நான் ஒரு தலைமுடியை ஒலி பதிந்த வரிகளுக்குக் குறுக்கே படுக்கவைத்து, விளக்கைச் சாய்த்து, அதன் நிழலைப் பார்ப்பேன். முடி தொட்டு நிற்கும் இடத்தில் நிழல் அதோடு ஒட்டியிருக்கும். தாழ்ந்த இடத்தில் நிழல் முடியைவிட்டு விலகும். முடி தொடுவது குறுகிய வரிகளின் உச்சியையா, வரிகளுக்கு நடுவிலுள்ள தட்டையான இடத்தையா என்று பாருங்கள். முந்தையது என்றால் நெகட்டிவ்.

அதே பார்வையில் வெட்டின் வகையையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பக்கவாட்டு வெட்டு என்றால் வரி நெளியும், அகலம் மாறாது. செங்குத்து வெட்டில் வரி நேராகப் போகும், ஆனால் மணி கோத்ததுபோல் அகன்று குறுகும். எடிசன் நிறுவனத்தின் தகடு என்றாலே செங்குத்து என்று முடிவுகட்ட வேண்டாம். 1929இல் தொழிலை மூடுவதற்குச் சற்று முன் அவர்கள் பக்கவாட்டு வெட்டுத் தட்டுகளையும் வெளியிட்டார்கள்.

ஒரே பதிவுக்கு மதரும் மாஸ்டரும் இருந்தால் மதரை ஓட்டுங்கள். சாதாரண உருண்டை முனை ஊசியே போதும், ஆபத்தும் குறைவு. மாஸ்டரும் ஸ்டாம்பரும் மட்டும் இருந்தால் ஸ்டாம்பரில் பழகிவிட்டு மாஸ்டருக்கு வாருங்கள். ஸ்டாம்பர் ஏற்கெனவே அச்சு இயந்திரத்தில் உழைத்தது, அதில் நேரும் தவறு அவ்வளவு வலிக்காது.

## 2. முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டியவை

வேகத்தை மாற்றக்கூடிய, உறுமல் குறைந்த டர்ன்டேபிள் ஒன்று. உறுமல் இங்கே ஏன் முக்கியம் என்றால், சுழலும் அச்சைத் தாங்கும் பேரிங்கின் அதிர்வு பெரும்பாலும் மேலும் கீழுமாகத்தான் இருக்கும். நமக்கு வேண்டிய ஒலியும் அதே திசையில்தான் இருக்கிறது. பக்கவாட்டுத் தட்டில் மறைந்துகிடக்கும் உறுமல் இதில் முன்னால் வந்து நிற்கும்.

ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்னலையாக மாற்றும் பகுதி) கட்டாயம். 78 வேகத் தட்டுகளுக்கென்று விற்கும் மோனோ கார்ட்ரிட்ஜ்களில் சில, பக்கவாட்டில் மட்டும் அசையும்படி செய்யப்பட்டவை. மேல்கீழ் அசைவுக்கு அவை வளைந்துகொடுக்காது. அதைக் கொண்டுவந்து செங்குத்து வெட்டின் மேல் வைத்தால் ஒலியும் வராது, ஊசி ஒவ்வொரு மேட்டையும் இடித்துச் சிதைத்துக்கொண்டே போகும். புதியவர்கள் செய்யும் பிழைகளில் இதுதான் மிகக் கொடியது.

ஆர்ஐஏஏ சமனாக்கம் (எல்பி தட்டுகளுக்கான ஒலித் திருத்த வளைவு) இல்லாத ஃபிளாட் ப்ரீஆம்ப், அதாவது கார்ட்ரிட்ஜின் சிறு மின்னலையை அப்படியே பெருக்கும் கருவி, 96 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டில் பதியும் ஒலி இடைமுகம், ஊசி எடை பார்க்கும் கருவி, நல்ல பூதக்கண்ணாடி அல்லது சிறு நுண்ணோக்கி, நைட்ரைல் கையுறை. பருத்திக் கையுறை வேண்டாம், வரிகளின் ஓரத்தில் நூல் மாட்டும்.

நேர்கோட்டில் நகரும் டோன் ஆர்ம் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) இருந்தால் பாதி வேலை மிச்சம். இல்லாவிட்டாலும் செய்யலாம்.

## 3. சுத்தம் செய்தல்

பளபளவென்று ஆக்குவது நோக்கமல்ல. தளர்ந்த தூசு, எண்ணெய்ப் பிசுக்கு, பழைய மெழுகுத் துணுக்கு இவை போனால் போதும்.

காய்ச்சி வடித்த நீரில் அயனியற்ற சோப்புத் திரவம் சில துளிகள் கலந்து, மிக மென்மையான தூரிகையால் வரி போகும் திசையிலேயே துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் அழுக்கு மேட்டின் பக்கச் சுவரில் போய் அப்பிக்கொள்ளும். வடித்த நீரில் இருமுறை அலசுங்கள். கடைசியாக ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு அலசல். நீர் செம்பின் மேல் நின்று கறை விடாமல் இருக்க இது உதவும். பாதுகாப்புக்காக யாராவது முன்பு அரக்குப் பூச்சு பூசியிருக்கலாம் என்பதால், எந்தத் திரவத்தையும் முதலில் வரியில்லாத ஓரத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்த பிறகே முழுத் தகட்டுக்கும் போங்கள்.

பித்தளைப் பாலீஷ், எலுமிச்சை, புளி, வினிகர் எதுவும் கிட்டே வரக்கூடாது. பாத்திரம் மின்னுவது உலோகத்தின் மேல்தோல் கரைவதால்தான். இங்கே அந்த மேல்தோலில்தான் பாட்டு இருக்கிறது. உயர் சுரங்கள் எல்லாம் அந்த மெல்லிய நெளிவுகளில் இருக்கின்றன, முதலில் போவதும் அவைதான். பச்சைக் களிம்பு பிடித்த இடங்களைச் சுரண்டாமல் விடுங்கள். அந்த இடத்தில் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

## 4. எந்தப் பக்கம் சுற்றுவது?

அதிகம் பேர் குழம்பும் இடம் இது, எனவே மெதுவாகப் போகலாம்.

மதர் என்றால் சிக்கல் இல்லை. சாதாரணத் தட்டுபோல வலஞ்சுழியாகச் சுற்றும், ஊசி வெளியிலிருந்து உள்ளே போகும்.

நெகட்டிவ் ஒரு கண்ணாடிப் பிம்பம். அதன் சுருள் எதிர்த் திசையில் போகிறது. ஒலியை நேராகக் கேட்க வேண்டும் என்றால் டர்ன்டேபிள் இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். ஆனால் வழக்கமான டோன் ஆர்மில் அப்படிச் சுற்றினால், ஊசியின் தண்டு பின்னால் இழுபடுவதற்குப் பதிலாக எதிரே முட்டித் தள்ளப்படும். தண்டு மடங்கும், ஊசி துள்ளும்.

அதனால் நான் எப்போதும் சொல்வது: வலஞ்சுழியாகவே சுற்றுங்கள், ஒலியைத் தலைகீழாகப் பதியுங்கள், பிறகு கணினியில் கோப்பைத் திருப்புங்கள். டிஜிட்டல் கோப்பைத் திருப்புவதில் எந்த இழப்பும் இல்லை.

இப்படி ஓட்டும்போது ஊசி உள்ளிருந்து வெளியே நகரும். பழக்கதோஷத்தில் வெளி ஓரத்தில் ஊசியை இறக்கினால் என்ன ஆகும்? சுருள் ஊசியை இன்னும் வெளியே தள்ளும். இரண்டு மூன்று சுற்றில் ஊசி தகட்டின் விளிம்பைத் தாண்டி விழும். இந்த வேலைக்கென்றே செய்து வாங்கிய ஊசி அப்படி ஒரு நொடியில் ஒடிந்ததை நேரில் பார்த்தேன். பாட்டு முடிகிற உள் ஓரத்தில் இறக்குங்கள். வெளி ஓரம் நெருங்கும்போது கை ஆர்மின் தூக்குநெம்பின் மேல் இருக்கட்டும்.

பாத்தேயின் பழைய தட்டுகள் சிலவற்றில் பாட்டு நடுவிலிருந்து தொடங்கி வெளியே போகும். அவற்றின் நெகட்டிவ் வலஞ்சுழியில் சுற்றினால் ஊசி வெளியிலிருந்து உள்ளே வரும், ஒலி அப்போதும் தலைகீழாகத்தான் வரும். நினைவில் வைக்க ஒரே விதி போதும்: நெகட்டிவ் வலஞ்சுழியில் சுற்றினால் எப்போதும் காலம் பின்னோக்கி ஓடும். ஊசி நகரும் திசையைத் தகட்டைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

## 5. ஊசியைத் தேர்ந்தெடுத்தல்

மதருக்கு உருண்டை முனை ஊசி. எடிசன் டைமண்ட் டிஸ்குக்கு முனையின் ஆரம் 0.0035 முதல் 0.004 அங்குலம் வரை. பாத்தேயின் பள்ளம் மிக அகலம், அதற்கு 0.008 அங்குல அளவு வேண்டும். மற்ற நிறுவனங்களின் தட்டுகளுக்கு இரண்டு மூன்று அளவுகளை வைத்துப் பார்ப்பதே வழி. முனை சிறிதாக இருந்தால் பள்ளத்தின் அடியில் அங்குமிங்கும் உருளும், கரகரப்பு கூடும். பெரிதாக இருந்தால் அடியைத் தொடாமல் தோள்களில் தொங்கும், நுண் ஒலிகள் போய்விடும்.

நெகட்டிவுக்கு உருண்டை முனை உதவாது. மேட்டின் உச்சியில் உருண்டையை வைத்தால் வழுக்கி விழத்தான் செய்யும். மேட்டின் இருபுறமும் கால் போட்டு உட்காரும் கவட்டை ஊசி வேண்டும். இது கடையில் கிடைக்காது. ஊசி செய்யும் நிபுணரிடம் உங்கள் தகட்டின் வரி அளவைக் கொடுத்துச் செய்துவாங்க வேண்டும். எடிசன் டைமண்ட் டிஸ்கில் அங்குலத்துக்கு 150 வரிகள். அதாவது ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குச் சுமார் 0.17 மில்லிமீட்டர்தான் இடைவெளி. கவட்டையின் ஒவ்வொரு காலும் அந்தச் சந்துக்குள் அடங்க வேண்டும். 1926இல் வந்த எடிசன் நீண்டநேரத் தட்டில் அங்குலத்துக்கு 450 வரிகள், எனவே அதற்கு இந்த ஊசி பொருந்தவே பொருந்தாது.

கால்கள் நீளமாக இருந்தால் சந்தின் தரையில் முட்டும். அப்போது மேடு தாழும் இடங்களில் ஊசி கூடவே இறங்காமல் காலூன்றி நின்றுவிடும். காதுக்கு இது வெறும் கரகரப்பாகத்தான் தெரியும். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உரத்த இடங்களில் அலையின் ஒரு பக்கம் மட்டும் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தால் கால் நீளம்தான் பிரச்சினை. எடையைக் கூட்டினால் சரியாகாது, மோசமாகும்.

ஊசியை மேலிருந்து பார்க்கும்போது கவட்டையின் வாய் வரியின் திசைக்கு நேராக இருக்க வேண்டும். சற்றுத் திரும்பியிருந்தாலும் ஒரு கால் பக்கத்து மேட்டை உரசும்.

## 6. காந்தம்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நிக்கல் காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகம். கார்ட்ரிட்ஜுக்குள் காந்தம் இருக்கிறது. தகடு நிக்கலாக இருந்தாலோ செம்பின் மேல் கனமான நிக்கல் படிவு இருந்தாலோ கார்ட்ரிட்ஜ் கீழே இழுக்கப்படும். எடைக் கருவியில் 3 கிராம் காட்டினாலும் தகட்டின் மேல் அது கூடுதலாக அழுத்தும். மூவிங் காயில் வகைக் கார்ட்ரிட்ஜில் காந்தம் வலுவானது, இழுப்பும் அதிகம்.

சிறு காந்தத்தை நூலில் கட்டி, தகட்டின் வரியில்லாத ஓரத்துக்கு அருகே தொங்கவிடுங்கள், மேலே தொடாமல். நூல் சாய்ந்தால் நிக்கல். அப்படியானால் இழுப்புக் குறைந்த கார்ட்ரிட்ஜாகப் பாருங்கள், அழுத்தத்தையும் வழக்கத்தைவிடக் குறைத்துத் தொடங்குங்கள். சுத்தச் செம்பில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அது நிக்கலைவிட மென்மை.

செம்பு மதரில் 3 கிராமில் தொடங்குவேன். ஊசி துள்ளினால் மட்டும் 4, அதிகபட்சம் 5.

## 7. தகட்டை இருத்துதல்

உலோகத் தகட்டின் முதுகில் முடிச்சு முடிச்சாகப் படிவுகள் இருக்கும். நேராகப் பிளாட்டரில் (டர்ன்டேபிளின் சுழலும் தட்டில்) வைத்தால் ஆடும். நடுவில் மென்மையான ரப்பர் விரிப்பு போட்டு, தூக்கி நிற்கும் இடங்களில் மெல்லிய தாளை மடித்து அணை கொடுங்கள். வளைந்த தகட்டை அழுத்தி நேராக்க முயல வேண்டாம். நெளிந்த உலோகம் ஒரு முறை மடிந்தால் அந்த மடிப்பு போகாது.

நடுத்துளை இல்லாத தகடுகளும், மையம் தவறித் துளையிட்ட தகடுகளும் உண்டு. புதிதாகத் துளை போடாதீர்கள். தகட்டை ஒரு தட்டையான பலகைமேல் வைத்து, ஓரத்தில் மூன்று நான்கு தடுப்புகளால் நகர்த்தி மையப்படுத்துங்கள். ஊசியை இறக்காமல், நுண்ணோக்கியை ஒரே இடத்தில் நிறுத்தி, தகட்டைக் கையால் சுற்றினால் வரிகள் உள்ளும் புறமும் அலைவது தெரியும். ஒரு சுற்றுக்கு ஒரு வரி நகர்வதுதான் சுருளின் இயல்பு, அதற்கு மேல் அலைந்தால் மையம் தவறியிருக்கிறது.

இதில் சோம்பல் கூடாது. மையம் அரை மில்லிமீட்டர் தவறினால், 60 மில்லிமீட்டர் ஆரத்தில் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் 0.8 சதவீதம் ஏறி இறங்கும். நீண்ட வயலின் சுரத்தில் அது அப்பட்டமாகக் கேட்கும்.

## 8. இணைப்பும் வேகமும்

ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் ஊசி பக்கவாட்டில் அசைந்தால் இரு சேனலிலும் ஒரே திசையில் மின்னலை வரும். மேலும் கீழும் அசைந்தால் எதிரெதிர்த் திசையில் வரும். நமக்கு வேண்டியது ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்த மிச்சம்.

மோனோ பொத்தானை அழுத்திவிட்டு, "தகட்டில் ஒன்றுமே இல்லை, வெறும் இரைச்சல்தான்" என்று கைவிட்டவர்கள் உண்டு. மோனோ பொத்தான் இரண்டையும் கூட்டுகிறது. கூட்டினால் பாட்டு அழிந்து, பக்கவாட்டு இரைச்சல் மட்டும் மிஞ்சும். கார்ட்ரிட்ஜின் பின்புறத்தில் வயரை மாற்றிப்போட்டும் கழிக்கலாம், ஆனால் நான் அதைச் செய்வதில்லை. இரு சேனலையும் தனித்தனியே பதிந்தால் பின்னால் அளவைச் சரிசெய்து கழிக்கலாம். வயரில் கழித்ததைத் திரும்பப் பிரிக்க வழியில்லை.

டைமண்ட் டிஸ்கின் வேகம் நிமிடத்துக்கு 80 சுற்று. பாத்தே பெரும்பாலும் 90ஐ ஒட்டியும் அதற்கு மேலும் போகும். தகடு நெளிந்திருந்தால் 33⅓இல் மெதுவாக ஓட்டிப் பதியுங்கள். ஊசிக்கு நெளிவில் ஏறி இறங்க நேரம் கிடைக்கும், உலோகத்துக்கும் நல்லது. பிறகு கணினியில் 2.4 மடங்கு வேகப்படுத்தினால் 80 வந்துவிடும். மெதுவாக ஓட்டும்போது ஒலி அளவு சுமார் 7.6 டெசிபெல் குறையும், பழுது என்று நினைக்க வேண்டாம். ஃபிளாட் ப்ரீஆம்ப் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஆர்ஐஏஏ வளைவோடு மெதுவாகப் பதிந்து பின் வேகப்படுத்தினால் அந்த வளைவு தப்பான அலைவெண்களில் போய் உட்காரும்.

## 9. ஓட்டுதல்

முதலில் ஸ்டாம்பரிலோ, சேதமான வேறொரு உலோகத்திலோ ஊசியை இறக்கி ஏற்றிப் பழகுங்கள். அப்புறம் பதிவுக் கருவியை ஓடவிட்டுவிட்டு, உண்மையான தகட்டில் ஊசியை இறக்குங்கள். அளவு பார்ப்பதற்கென்று தனி ஓட்டம் வேண்டாம். உச்ச அளவுக்கு 12 டெசிபெல் இடம் விட்டு வைத்தால் முதல் ஓட்டமே பயன்படும். 24 பிட்டில் அந்த இடம் ஒரு நஷ்டமே இல்லை.

சாதாரண ஆர்மில் வலஞ்சுழியில் சுற்றும்போது உராய்வு ஊசியை உள்பக்கம் இழுக்கும், சுருளோ வெளியே தள்ளும். இரண்டும் மோதும். ஊசி அதே மேட்டில் திரும்பத் திரும்ப விழுந்தால் ஆன்ட்டி ஸ்கேட்டை (ஆர்மை வெளிப்பக்கம் இழுக்கும் அமைப்பை) கூட்டுங்கள், எடையைக் கூட்டாதீர்கள்.

ஒரு தகட்டுக்கு இரண்டு ஓட்டம் என்பது என் வரம்பு. ஓட்டம் முடிந்ததும் ஊசி முனையையும் வரிகளையும் நுண்ணோக்கியில் பாருங்கள். ஊசியில் செந்நிறத் துகள் ஒட்டியிருந்தால் செம்பைச் செதுக்கியிருக்கிறீர்கள். இரண்டாவது ஓட்டத்துக்குப் போகாமல் காரணத்தைத் தேடுங்கள்.

## 10. கோப்பில் செய்ய வேண்டியவை

முதல் வேலை, பதிந்த கோப்பை அப்படியே, திருப்பாமல், கழிக்காமல் ஒரு பிரதி எடுத்து ஒதுக்கிவைப்பது.

அடுத்தது சேனல் சமன். இரண்டையும் கூட்டிக் கேட்டுக்கொண்டே ஒரு சேனலின் அளவை மெல்ல மாற்றுங்கள். பாட்டு மங்கி மங்கி, ஏறக்குறைய மறையும் ஓர் இடம் வரும். சமன் அங்கேதான். இப்போது கூட்டலைக் கழித்தலாக மாற்றுங்கள். இரைச்சல் பின்வாங்கி, பாட்டு முன்னே வந்து நிற்கும். இந்த வேலையில் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும் நொடி அதுதான்.

நெகட்டிவ் என்றால் கோப்பைக் காலத்தில் திருப்புங்கள். மேடு பள்ளம் மாறியிருக்கிறதே என்று துருவத்தையும் (அலையின் மேல்கீழ்த் திசையை) தனியாகப் புரட்ட வேண்டாம்: காந்தக் கார்ட்ரிட்ஜ் ஊசியின் வேகத்தைப் பதிவதால், பின்னோக்கி ஓட்டியதே ஒரு முறை துருவத்தைப் புரட்டிவிடுகிறது, இரண்டும் ஈடாகிவிடும். புரட்டினாலும் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் மதரிலிருந்து எடுத்த பிரதியோடு ஒப்பிடும்போது பொருந்தாது. அப்புறம் வேகத் திருத்தம்.

வெடிச் சத்தங்களை நீக்கிய பிறகே ஒலி வடிகட்டிகளுக்குப் போங்கள். வடிகட்டி ஒரு கூர்மையான வெடிப்பை இழுத்து நீட்டிவிடும், பிறகு மென்பொருளால் அதை அடையாளம் காண முடியாது. நெளிவினால் வரும் ஆழ்ந்த அலைகளை 40, 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம். மைக்ரோஃபோன் இல்லாமல் கொம்பு வழியாகப் பதிந்த காலத்து ஒலியில் அங்கே இசை ஏதும் இல்லை. மேல் ஒலிகளை வெட்டுவதில் மட்டும் கை கட்டுப்பாடாக இருக்கட்டும். கடையில் விற்ற டைமண்ட் டிஸ்கின் மேற்பரப்பு இரைச்சலுக்குப் பேர்போனது, உலோகத்தில் அது இல்லை. பழைய தட்டுக்குப் பழகிய கையோடு வெட்டினால், உலோகத்தைத் தேடிப்போனதன் பலனையே வெட்டி எறிவதாக ஆகும்.

## 11. ஊசியே வேண்டாம் என்னும் நிலை

மேற்பரப்பு உரிந்துகொண்டிருந்தாலோ, வரிகள் நசுங்கியிருந்தாலோ ஊசியை வைக்காதீர்கள். மேற்பரப்பை ஒளியால் அளந்து ஒலியைக் கணக்கிடும் முறை உண்டு. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஹேபரும் விடாலி ஃபடேயெவும் உருவாக்கிய ஐரீன் அப்படிப்பட்டது. செங்குத்து வெட்டுக்கு ஆழத்தை அளக்கும் முப்பரிமாண முறை தேவை, சாதாரணப் படம் போதாது. எபாக்சி ஊற்றி வார்ப்பெடுத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஒட்டிக்கொண்டால் தகடு போச்சு.

ஓட்டி முடித்த தகட்டை அமிலமற்ற தாளில் சுற்றி, நிமிர்த்தி, அழுத்தமில்லாமல் வையுங்கள். பிவிசி உறை கூடாது, அதிலிருந்து வரும் வாயு செம்பை அரிக்கும். எந்த ஊசி, எத்தனை கிராம், எந்த வேகம், எத்தனை முறை ஓட்டப்பட்டது என்பதை உறையின் வெளியே பென்சிலில் எழுதுங்கள். உறைக்குள் தகட்டைப் போடுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள், பென்சிலின் அழுத்தம் தாளைத் தாண்டி வரிகளில் படாமல் இருக்கும்.